அன்னம் காட்டிய திசை

ஒரு கலைஞரின் பெருமையை அவர் ஏறிய மேடைகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. ருஷ்ய நாட்டு பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவையோ, அவர் பிறருக்குக் காட்டிய திசையைக் கொண்டும் அளக்க வேண்டும்.

1881-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், மிஷேல் ஃபோக்கின் அமைத்துத் தந்த ‘இறக்கும் அன்னம்’ என்னும் சிறு நடனத்தால் பெரும்புகழ் எய்தினார். சொந்தக் குழுவுடன் நாடு நாடாகப் பயணம் செய்தார். 1923-இல் லண்டனில் ‘ராதா-கிருஷ்ணா’, ‘இந்துத் திருமணம்’ என்னும் இரு நடனங்களை அரங்கேற்றினார். அவற்றை அமைத்த உதய சங்கர் அப்போது ஓவிய மாணவர். நம் மரபு நடனம் எதனையும் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆகவே அவை தொலைவிலிருந்து கண்ட இந்தியக் கனவுகளாகவே அமைந்தன.

பாவ்லோவா நமக்குத் தந்த மெய்யான கொடை வேறு. 1920-களின் இறுதியில் அவரது நட்பைப் பெற்ற ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தாய்நாட்டுக் கலையைத் தேடுமாறு தோழியைத் தூண்டிய பாவ்லோவா, 1931-இல் காலமானார். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். ‘குற்றாலக் குறவஞ்சி’ முதலாக அவர் அமைத்த நாட்டிய நாடகங்களின் மேடை ஒழுங்கில் பாலே பயின்ற கண்ணைக் காணலாம்.

ஆயினும் திறனாய்வாளர் ஒரு கேள்வியைத் தவிர்த்தல் முறையன்று. சிருங்காரத்தைக் களையவேண்டிய குறையாகக் கருதும் போக்கைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. தேவதாசி முறையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடும்போராட்டத்தின் பயன். பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நீக்கிய நற்செயல். ஆனால் கலை சபைகளில் ஏற்றம் பெற்றபோது, அதனைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பங்கள் அரங்கை இழந்தன.

மணமேல்குடிக் கடற்கரையில் வாழும் நமக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. நம் மாவட்டத்தின் மேற்கே, விராலிமலை முருகன் கோயிலில் சிறுமியாகச் சதிர் ஆடத் தொடங்கிய முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2022-இல்தான். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார்.

ருஷ்ய அன்னம் காட்டிய திசை சரியானதே. அத்திசையில் நடந்த நாம் கலையைக் கண்டெடுத்தோம்; அதைக் கையில் ஏந்தி நின்றவர்களைக் காண நெடுங்காலம் எடுத்துக்கொண்டோம். பாவ்லோவாவின் புகழைப் பேசுவோர் இக்கடனையும் சேர்த்தே பேசுதல் தகும்.