ஒரே முகவரியில் எல்சிடியும் ரிலேயும்

எல்சிடி திரையில் ஓர் எழுத்தை எழுதச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் ரிலே பலகை டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. ஆர்டுயினோவும் இஎஸ்பி32வும் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. கேட்டால் வரும் பதிலும் புதிதல்ல: ஐ2சி ஸ்கேனரை ஓட்டிப் பார், முகவரியை மாற்று. பல நேரம் இந்த வைத்தியம் பலிக்கிறது. பலிக்காதபோது ஆளை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஸ்கேனரின் வேலைமுறையிலேயே இருக்கிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஐ2சி முறையில் தரவுக்கு ஒரு கம்பி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். 7 பிட் முகவரி என்பதால் 128 இடங்கள். ஒதுக்கீடாக 16 போக, மிஞ்சுவது 112. தாராளமாகத் தெரியும் இந்தக் கணக்கு கடையில் வாங்கும் பலகைகளிடம் எடுபடுவதில்லை. ரிலே பலகைகளில் பரவலாக இருக்கும் பிசிஎஃப்8574 சிப்புக்கு ஹெக்ஸ் 20 முதல் 27 வரை எட்டே முகவரிகள். எல்சிடியின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு பலகையிலும் பெரும்பாலும் இதே சிப்தான். ஏ0, ஏ1, ஏ2 என்ற மூன்று புள்ளிகளையும் சால்டர் செய்யாமல் விட்டால் அதன் முகவரி 27. ரிலே பலகையும் அதே 27இல் வைக்கப்பட்டு வந்தால் மோதல் உறுதி. போதாக்குறைக்கு எம்சிபி23017 சிப்பும் இதே 20–27 தெருவில்தான் குடியிருக்கிறது.

மோதினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எல்சிடி முதுகுப் பலகையின் வழக்கமான இணைப்பில் பி0 ஆர்எஸ், பி1 ஆர்டபிள்யூ, பி2 எனேபிள், பி3 பின்னொளி, பி4 முதல் பி7 வரை தரவு. ரிலே பலகையில் அதே எட்டுக் கால்களும் வரிசையாக எட்டு ரிலேக்கள். கால் தாழ்நிலைக்குப் போனால் ரிலே இயங்கும். இப்போது திரையில் கடைசியாக 8 என்ற இலக்கத்தை எழுதினால், எழுதும் சில மில்லிநொடிகளில் ரிலேக்கள் நடுங்கும். எழுதி முடித்ததும் 2, 3, 5, 6, 7 ஆகியவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். திரையில் காட்டும் வெப்பநிலை 28இலிருந்து 27க்கு இறங்கினால் 5, 6, 7 விடுபட்டு 8ஆம் ரிலே இயங்கும். நிரலில் ரிலேயைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது! இதைப் பார்த்துவிட்டு ரிலே பழுது என்று பலகையையே மாற்றுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில் ஸ்கேனர் எவ்வளவு உதவும்? அது ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிடுகிறது. ஒன்பதாவது கடிகாரத் துடிப்பில் யாராவது தரவுக் கம்பியைக் கீழே இழுத்தால் ‘இருக்கிறது’ என்று எழுதிக்கொள்கிறது. கம்பி மாறியிருக்கிறதா, பலகை உயிரோடு இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏ என்று முடியும் பிசிஎஃப்8574ஏ ரகம் 38 முதல் 3எஃப் வரையிலான முகவரிகளில் பதில் சொல்லும். அந்த வேறுபாடும் பிடிபடும். தரவுத்தாளில் 40 என்று 8 பிட் கணக்கில் போட்டிருப்பதை நிரலில் 20 என்று எழுத வேண்டும் என்ற பழைய குழப்பமும் தீரும். இதற்காகவே அதை எடுத்த எடுப்பில் ஓட்டலாம்.

ஆனால் முகவரி மோதலை நேரடியாகக் காட்ட ஸ்கேனரால் முடியவே முடியாது. வகுப்பில் ஒரே பெயருள்ள இருவர் ஒரே குரலில் ‘உள்ளேன் ஐயா’ என்றால் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்தான் ஏறும். இரண்டு சிப்களும் சேர்ந்தே கம்பியை இழுக்க, ஸ்கேனர் 27 என்று ஒருமுறை அச்சிட்டு நகர்ந்துவிடும். எண்ணிக்கை குறைவதைக் கவனிப்பவருக்குத்தான் அது தடயம். படிக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: ஒரு சிப் ஹெக்ஸ் 3சி என்றும் இன்னொன்று 5ஏ என்றும் சொன்னால், பூஜ்யமே வெல்லும் கம்பியில் கிடைப்பது 18. யாரும் சொல்லாத எண் அது. ஆகவே மோதலைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, ஒவ்வொரு பலகையையும் தனியே மாட்டி முகவரியைப் பார்த்து, அதன்மேலேயே மார்க்கரால் எழுதிவைப்பதுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வரவழைத்தாலும் பல பலகைகளில் முகவரி அச்சிடப்படுவதில்லை. நான்கு எழுத்து அச்சிட உற்பத்தியாளருக்கு என்ன செலவு?

ஸ்கேனரை ஓட்டி முகவரியை மாற்றும் நடைமுறையின் பெரிய குறை வேறு. ரிலே சம்பந்தப்பட்ட எல்லாக் கோளாறையும் முகவரிக் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தை அது வளர்க்கிறது. பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லியாம்பியர் இழுக்கும். எட்டும் ஒருசேர இயங்கினால் 560. கணினியின் யுஎஸ்பி 2.0 துறை தருவது 500. மின்னழுத்தம் சரிந்து மைக்ரோகன்ட்ரோலர் மறுபடி முதலிலிருந்து தொடங்க, நிரல் ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்கிறது. ஸ்கேனரை ஓட்டும்போதோ ரிலேக்கள் சும்மா இருக்கின்றன. எல்லாம் சரி என்கிறது அது. மோட்டாரை நிறுத்தும்போது ரிலே முனைகளில் எழும் தீப்பொறியால் பரிமாற்றம் பாதியில் குழம்பி, ஏதேனும் ஒரு சிப் தரவுக் கம்பியைத் தாழ்நிலையிலேயே பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்து ஒன்பது கடிகாரத் துடிப்பு அனுப்பிக் கம்பியை விடுவிப்பது. முகவரியை மாற்றி ஒரு பயனும் இல்லை.

மாற்று வழிகளும் குறையற்றவை அல்ல. டிசிஏ9548ஏ பிரிப்பானைப் போட்டால் ஒரே முகவரிக்காரர்களை எட்டுத் தனிக் கிளைகளில் வைக்கலாம். ஆனால் அதன் முகவரி ஹெக்ஸ் 70இல் தொடங்குகிறது. சர்வோ இயக்கும் பிசிஏ9685 சிப்போ, மின்சாரம் வந்ததும் தன் பொது அழைப்பு முகவரியாக அதே 70க்குப் பதில் சொல்லும். மோதலைத் தீர்க்க வந்த சிப்பே மோதுகிறது. இஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை எளிது: அதில் இரண்டு ஐ2சி அமைப்புகள் உண்டு, திரையும் உணரிகளும் ஒன்றில், ரிலே பலகை மட்டும் மற்றொன்றில். ரிலேக்குத் தனி மின்வழங்கி. ஆர்டுயினோ ஊனோ வைத்திருப்பவர்கள் சால்டர் இரும்பை எடுக்கத்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும், ஒவ்வொரு பலகையின் முகவரியும் தனித்தனியே உறுதியாகும்வரை ரிலேயின் முனைகளில் 230 வோல்ட் இணைப்பைக் கொடுக்காதீர்கள்.