சரிபார்ப்பு எண்ணைச் சரிபார்ப்பது யார்?

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் மாணவன் முதலில் செய்ய வேண்டியது அதன் சுழிப் பிழையைக் காண்பது. அதைக் காணாமல் ஒரு கம்பியின் விட்டத்தைப் பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் விடை சரியாகிவிடாது. பத்து அளவீடுகளும் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்திருக்கும். பத்தும் ஒரே அளவு தவறாக இருக்கும். இணையத்திலிருந்து மென்பொருளைப் பாதுகாப்பாகப் பதிவிறக்குவது எப்படி என்று இன்று பரவலாக வழங்கப்படும் அறிவுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுழிப் பிழைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த அறிவுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அதிகாரபூர்வமான இணையதளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள் என்பார்கள். முகவரிக்கு அருகில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள் என்பார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள், பக்கத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆனால் எந்த ஆபத்துக்கு எது மருந்து என்று சொல்லாமல், மூன்றையும் ஒரே மாத்திரையாக உருட்டிக் கொடுப்பதுதான் குறை.

வி.பி.என். மென்பொருளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உங்கள் கணிப்பொறிக்கும் தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கும் இடையே, வெளியார் படிக்க முடியாத மறைகுறிப் பாதை ஒன்றை அமைப்பது அதன் வேலை. வீட்டிலிருந்தபடி அலுவலகத்தின் உள்வலையில் நுழைபவர்களும், பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்களைப் படிப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அனுப்புவதும் பெறுவதும் அதன் வழியே செல்வதால், கணிப்பொறியில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு அது இயங்குகிறது. வாயிற்காவலனிடம் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததற்கு ஒப்பானது இது. காவலனே கள்ளனாக இருந்தால்?

அப்படியும் நடந்தது. தென்கொரியாவில் ஐபேனி என்ற வி.பி.என். சேவை உண்டு. அதன் நிறுவல் கோப்பில் மென்பொருளோடு கூடவே ஓர் உளவு நிரலும் புகுத்தப்பட்டிருந்ததை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024 மே மாதத்தில் கண்டார்கள். 2025 ஜனவரியில் விவரங்களை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் முதலாமவர் 2023 நவம்பரிலேயே ஜப்பானில் இருந்திருக்கிறார். அந்தக் கோப்பு எங்கிருந்து பதிவிறக்கப்பட்டது தெரியுமா? ஐபேனியின் சொந்த இணையதளத்திலிருந்தேதான். வி.பி.என். மென்பொருளும் வழக்கம்போல் நிறுவப்பட்டது. ஆகவே பயன்படுத்தியவருக்கு ஐயம் எழக் காரணமே இல்லை. ஆய்வாளர்கள் தெரிவித்த பிறகு அந்தக் கோப்பு தளத்திலிருந்து நீக்கப்பட்டது.

அதிகாரபூர்வமான தளம் என்ற முதல் அறிவுரை இங்கே பயன்படவில்லை. பூட்டுப் படமும் பயன்படாது. நீங்கள் அடைந்திருப்பது அந்தப் பெயருடைய தளம்தான், வழியில் எவரும் எதையும் மாற்றவில்லை என்ற இரண்டை மட்டுமே அது உறுதி கூறுகிறது. தளத்தில் வைக்கப்பட்டிருக்கும் கோப்பு நல்லதா என்பது அதற்குத் தெரியாது. தபால் உறையின் முத்திரை உடையவில்லை என்பதனால் உள்ளிருக்கும் கடிதம் உண்மை பேசுகிறது என்று கொள்ளலாமா?

இனி மூன்றாவதான சரிபார்ப்பு எண்ணுக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், மூன்றில் இதுவே அறிவியல் தோற்றமுடையது, ஆகவே அதிகமாக ஏமாற்றக்கூடியதும் இதுவே. இன்று பெரிதும் வழங்குவது ஷா-256 என்ற முறை. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதை அரைத்துப் பிழிந்து 256 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணாகத் தருகிறது. பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 64 இலக்கங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும், விடையில் ஏறத்தாழப் பாதி பிட்டுகள் மாறிப்போகும். கிடைக்கக்கூடிய வெவ்வேறு விடைகளின் எண்ணிக்கை, 1-க்குப் பின் 77 சுழிகள் இட்டால் வரும் எண்ணைவிடப் பெரியது. ஆகவே இரு கோப்புகளின் எண்கள் ஒத்திருந்தால் கோப்புகளும் ஒன்றே என்று நம்பலாம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கருவி இதை ஒரு நொடியில் கணக்கிட்டுத் தந்துவிடும்.

கணிதத்தில் குறையில்லை. குறை இருப்பது எண்ணை எங்கிருந்து பெறுகிறோம் என்பதில். கோப்பும் எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால், கோப்பை மாற்றத் தெரிந்தவனுக்கு எண்ணை மாற்றத் தெரியாதா? லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் 2016 பிப்ரவரி 20-ஆம் நாள் ஒருவன் புகுந்தான். 17.3 பதிப்பின் சினமன் வகைக்கான இணைப்பைத் திருப்பி, பல்கேரியாவில் வைத்திருந்த, பின்வாசல் பொருத்திய கோப்பை நோக்கிச் செல்லுமாறு செய்தான். பக்கத்திலிருந்த சரிபார்ப்பு எண்ணையும் தன் கோப்புக்கு ஏற்ப மாற்றியதாக அவனே ஒரு செய்தித்தளத்திடம் சொன்னதாகவும் செய்தி வந்தது. கடமை தவறாமல் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் என்ன கண்டிருப்பார்? 'ஒத்திருக்கிறது' என்றே கண்டிருப்பார். பக்கத்து மாணவனின் பதிவேட்டைப் பார்த்து எழுதிய இருவரின் அளவீடுகள் எங்கள் ஆய்வகத்தில் ஒத்திருப்பது போலத்தான் இதுவும்.

இயற்பியலில் தற்செயல் பிழை என்றும் முறைப் பிழை என்றும் இருவகைப் பிழைகளைப் பிரித்துப் பேசுகிறோம். பதிவிறக்கம் பாதியில் அறுந்துபோவது, ஒரு பிட் வழியில் கெடுவது ஆகியவை முதல் வகை. அதே பக்கத்திலுள்ள எண் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். மூலத்திலேயே மாற்றப்பட்ட கோப்பு இரண்டாம் வகை. அதைக் காட்ட, மூலத்தைச் சாராத வேறோர் அளவீடு வேண்டும். கைபேசியிலும் கணிப்பொறியிலும் தனித்தனியே பதிவிறக்கி எண்களை ஒப்பிட்டேன் என்று நண்பர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பாதைகள் இரண்டு, மூலம் ஒன்றுதானே!

லினக்ஸ் மின்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவறு நேர்ந்ததை உடனடியாக, மறைக்காமல் அறிவித்தது பாராட்டத்தக்கது. ஆனால் நல்ல கோப்புகளை அடையாளம் காண அந்த அறிவிப்பில் கொடுத்தவை எம்.டி.5 என்ற பழைய முறையின் எண்கள். ஒரே எம்.டி.5 எண்ணைத் தரும் இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று சீன அறிஞர் ஷியாவ்யுன் வாங்கும் அவர் குழுவினரும் 2004-இலேயே காட்டிவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் எண்ணுக்குப் பொருந்தும்படி இன்னொன்றைச் செய்வது இதைவிட மிகக் கடினம். அது இன்றும் கைகூடவில்லை. ஆதலால் அந்த அறிவிப்பினால் நேரடித் தீங்கில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். எனினும் எம்.டி.5-இன் பலவீனம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்ற உளவு நிரல், அதே பலவீனத்தைக் கொண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சான்றிதழ் போன்ற ஒன்றைப் பொய்யாக உண்டாக்கி, விண்டோஸ் புதுப்பித்தலாகவே வேடமிட்டுப் பரவியது.

மூலத்தைச் சாராத அளவீடு எது? மின்னணுக் கையொப்பம். மென்பொருளை ஆக்குபவர் ஓர் இரகசியச் சாவியால் கோப்புக்குக் கையொப்பமிடுகிறார்; அதற்கு இணையான பொதுச் சாவியால் எவரும் சோதிக்கலாம். இரகசியச் சாவியை இணையதளக் கணிப்பொறியில் வைக்காத வரையில், தளத்துக்குள் புகுந்தவனால் கையொப்பமிட முடியாது. ஆனால் பொதுச் சாவியையும் அதே பக்கத்திலிருந்து அதே நிமிடத்தில் எடுத்தால், பழைய கதைதான். சாவியின் குறுகிய அடையாள எண்ணை முதல் முறை பெறும்போதே வேறிடங்களில் காணப்படுவதோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே எண் வந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. இந்த ஒரு வரியை எந்த அறிவுரைத் தாளிலும் நான் காணவில்லை. பல நிறுவனங்களும் அடையாள எண்ணைப் பதிவிறக்கப் பக்கத்திலேயே ஒட்டிவைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கின்றன.

புதுப்பித்தலைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். 'ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்? புதிய பதிப்பில்தானே நஞ்சு வருகிறது?' என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்கிறார்கள். இந்த வாதத்துக்கும் சான்று இல்லாமலில்லை. சீகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பு 2017 ஆகஸ்ட்டில் வெளியானபோது, அதை உருவாக்கும் இடத்திலேயே எவரோ புகுந்து உளவு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 22.7 இலட்சம் பேர் அதை நிறுவினார்கள். அதில் நிறுவனத்தின் உண்மையான கையொப்பமே இருந்தது. கையொப்பம் யார் அனுப்பியது என்பதைச் சொல்லும். அனுப்பியவர் வீட்டில் திருடன் இருந்தானா என்பதைச் சொல்லாது.

ஆனால் மறுபக்கத்தையும் எடை போடுங்கள். சிஸ்கோ நிறுவனத்தின் எனிகனெக்ட் என்ற வி.பி.என். மென்பொருளின் விண்டோஸ் பதிப்பில், சாதாரணப் பயனாளர் ஒருவர் உயர் அதிகாரம் பெற வழிசெய்யும் ஓட்டைகள் இருந்தன. ஒன்றுக்கு 2020 பிப்ரவரியிலும் இன்னொன்றுக்கு ஆகஸ்ட்டிலும் திருத்தம் வந்துவிட்டது. 2022 அக்டோபரில் அந்நிறுவனமே, இவற்றைப் பயன்படுத்தித் தாக்க முயல்கிறார்கள் என்று எச்சரிக்க நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் திருத்தத்தை ஏற்காதவர்கள் இல்லையென்றால், தாக்குபவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? புதிய பதிப்பில் நஞ்சு கலப்பது அரிது. பழைய பதிப்பின் ஓட்டையோ, திருத்தம் வெளியான அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆகவே புதுப்பிக்காதிருப்பது நல்ல பந்தயமன்று என்பது என் முடிவு.

எந்த வழியில் புதுப்பிக்கிறோம் என்பதும் முக்கியம். தேடுபொறியில் பெயரைத் தட்டி, மேலே விளம்பரமாக வருவதை அழுத்துவது மோசமான வழி. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் புதுப்பித்தல் வசதி பெரும்பாலும் மேலானது. வயர்கார்டு மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை நல்ல உதாரணமாகச் சொல்லலாம். ஆக்கியவரின் பொதுச் சாவியை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. புதிய பதிப்புகளின் பட்டியலில் உள்ள கையொப்பத்தை அந்தச் சாவியால் சோதித்த பிறகே கோப்பை ஏற்கிறது. நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கச் சொன்னேனே, அதையே இயந்திரம் நமக்காகச் செய்கிறது. இதிலிருந்து ஒன்று பெறப்படும். முதல் பதிவிறக்கம் சரியாக இருந்தால், பின்வருபவை அதன் தோளில் நிற்கின்றன. முதலாவதே பொய்யானால், அதற்குள் இருக்கும் சாவியும் பொய். ஆகவே நேரம் செலவிட வேண்டியது முதல் நாளன்று. எங்கள் கல்லூரியில் கைமாறிக் கைமாறி வரும் ஒரு பென்டிரைவில் 'செட்டப்' என்ற பெயரோடு ஒரு நிறுவல் கோப்பு உலவுகிறது. அது எந்த ஆண்டினது, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நூலகத்தில் கேளுங்கள் என்றார்கள். நூலகத்தில், உங்கள் துறையிலிருந்துதான் வந்தது என்கிறார்கள்.