இன்ஸ்டாலைத் தடுத்தால் மட்டும் போதாது: விண்டோஸ் 11இன் நான்கு பூட்டுகள்

பள்ளிப் பிள்ளைகள் புழங்கும் கணினியின் டெஸ்க்டாப்பைப் பார்த்தாலே தெரியும். ஏதோ கேம் லாஞ்சர், பெயர் தெரியாத வீடியோ கன்வெர்ட்டர், யாருமே கேட்காத டூல்பார். யார் போட்டது என்று கேட்டால், "தானா வந்துச்சு" என்பதுதான் பதில். இதைக் கட்டுப்படுத்தத் தனியாகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், விண்டோஸ் 11 கையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று அதன் நான்கு பூட்டுகளையும் ஒரு வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பூட்டு எல்லா வீட்டுக்கும் கட்டாயம். நடுவில் உள்ள இரண்டும் துணைக்கு உதவும். நிஜமான பூட்டு நான்காவதுதான். அது கொஞ்சம் வேலை வாங்கும். காரணம் எளிது: முதல் மூன்றும் மென்பொருள் எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்கின்றன. நான்காவது மட்டுமே எது ஓடலாம் என்று கேட்கிறது.

முதல் பூட்டு: ஸ்டாண்டர்டு கணக்கு

விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்குக்கு அட்மின் அதிகாரம் உண்டு. பல வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே கணக்கில்தான் உட்காருகிறார்கள். அப்படி இருக்கும்வரை வேறு எந்தத் தடையும் பலிக்காது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, அது 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

பலன் உடனே தெரிகிறது. பிள்ளையின் கணக்கில் வாலரன்ட் கேமின் இன்ஸ்டாலரைச் சொடுக்கினால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து அட்மினின் பாஸ்வேர்டையோ பின் எண்ணையோ கேட்கிறது. அட்மின் கணக்கிலும் இதே பெட்டி வரும், ஆனால் 'யெஸ்', 'நோ' என்ற இரண்டு பொத்தான்கள் மட்டும்தான் இருக்கும். எந்தப் பிள்ளை 'நோ' அழுத்தும்? 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்த இந்த யூஏசி (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) ஏற்பாடு அன்று எல்லோரிடமும் திட்டு வாங்கியது. இன்று பெற்றோருக்கு இது நல்ல முதல் காவல். வாலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்டு போல கணினியின் அடிமட்டத்தில் டிரைவர் போடும் எதுவும் இதைத் தாண்ட முடியாது.

ஒரே எச்சரிக்கை: பின் எண்ணாகப் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள். நீங்கள் தட்டுவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருக்கும். லேப்டாப்பில் விரல்ரேகை வசதி இருந்தால் அந்தப் பெட்டிக்கு விரலையே வைத்துவிடலாம்.

பெட்டியே வராத மென்பொருள்கள்

இதே கணக்கில் ரோப்ளாக்ஸை டவுன்லோடு செய்து சொடுக்கினால் திரை மங்காது, பெட்டியும் வராது. சற்று நேரத்தில் கேம் தயார். டிஸ்கார்டும் ஸ்பாட்டிஃபையும் இப்படித்தான். குரோம் முதலில் அட்மின் அனுமதி கேட்கும். மறுத்தால், இந்த ஒரு கணக்குக்கு மட்டும் போட்டுக்கொள்ளவா என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

இதில் திருட்டுத்தனம் ஏதும் இல்லை. ஸ்டாண்டர்டு கணக்குக்கு எட்டாதவை 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'விண்டோஸ்' போன்ற பொது ஃபோல்டர்கள்தான். அவரவர் பெயரில் உள்ள ஃபோல்டரில் அவரவருக்கு முழு உரிமை உண்டு. இந்த மென்பொருள்கள் அதற்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அட்மினைத் தொந்தரவு செய்யாமல் தாமாகவே அப்டேட் ஆவதற்கு அதுதான் வசதி. ஜிப் கோப்பை விரித்து நேரே ஓட்டும் போர்ட்டபிள் மென்பொருளுக்கு இன்ஸ்டால் என்ற படியே கிடையாது.

நல்ல மென்பொருளும் இதே வழியில்தான் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைக்குப் பைத்தான் வேண்டும். அதன் வழக்கமான இன்ஸ்டாலரும் ஆப்டேட்டாவுக்குள்தான் போகிறது. பைத்தானுக்குத் திறந்திருக்கும் கதவு ரோப்ளாக்ஸுக்கும் திறந்துதான் இருக்கும்.

இரண்டாவது பூட்டு: ஸ்டோர் மட்டும்

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் 'சூஸ் வேர் டு கெட் ஆப்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 'மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் மட்டும்' என்பதை அட்மின் தேர்ந்தெடுத்துவிட்டால், இணையத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலர்கள் நின்றுவிடும். ரோப்ளாக்ஸ் இன்ஸ்டாலரும் இங்கே மாட்டிக்கொள்கிறது. ஒரே சொடுக்கில் இவ்வளவு பலன் என்பது பெரிய விஷயம்.

ஓட்டை எங்கே? பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும்போது 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று அதன்மேல் ஒரு முத்திரை குத்துகிறது. இந்தப் பூட்டு பார்ப்பது அந்த முத்திரையைத்தான். நண்பன் பென் டிரைவில் கொடுத்த கேமுக்கு முத்திரை இல்லை, தடையும் இல்லை. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32 ஃபார்மட்டால் அந்த முத்திரையைத் தாங்கவே முடியாது. யூஎஸ்பி வழியாக வருவதை இது தடுக்காது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. டியூஷனுக்குப் போகும் பிள்ளையிடம் பென் டிரைவ் இல்லாமலா இருக்கும்?

மூன்றாவது பூட்டு: ஃபேமிலி சேஃப்டி

இது பிள்ளையின் மைக்ரோசாஃப்ட் கணக்கை உங்கள் கணக்கோடு இணைக்கும் இலவசச் சேவை. உங்கள் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்டு கணக்கு கண்டுகொள்ளாத ஒரு வழியை இது கவனிக்கிறது. ஸ்டோரிலிருந்து ஆப் போட அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. ஃபேமிலி சேஃப்டியில் வயது வரம்பு வைத்துவிட்டால், அதற்கு மேற்பட்ட ஆப்பையோ கேமையோ பிள்ளை தொடும்போது உங்களுக்கு அனுமதிக் கோரிக்கை வரும். நேர வரம்பும் வைக்கலாம்.

ஸ்டோருக்கு வெளியே வந்தவை விஷயத்தில் இது பெரும்பாலும் வேலை முடிந்த பிறகு வரும் அறிக்கைதான். பிள்ளை எந்த மென்பொருளை எவ்வளவு நேரம் ஓட்டியது என்ற பட்டியல் வருகிறது. அதில் ஒன்றைத் தொட்டுத் தடுக்கலாம். நாளைக்கு வேறொன்று வந்தால் அதையும் தேடித் தடுக்க வேண்டும். இணையதள வடிகட்டியும் எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால்தான் அதைப் போட்டதும் மற்ற பிரபல பிரவுசர்கள் தடுக்கப்படுகின்றன. குரோமில் பழகிய வீட்டில் முதல் சண்டை இங்கேதான் தொடங்கும்.

நான்காவது பூட்டு: ஆப்லாக்கர்

ஆப்லாக்கர் அலுவலகங்களுக்காக உருவானது. முன்பு நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் போன்ற பதிப்புகளில்தான் அமலுக்கு வரும். இப்போது அந்தத் தடை இல்லை. விண்டோஸ் புரோவிலும் வேலை செய்கிறது. ஹோம் பதிப்பில் இதை அமைக்கும் திரை கிடையாது என்பதுதான் பெரிய குறை. ஹோமிலிருந்து புரோவுக்கு மாறக் காசு கட்ட வேண்டும்.

'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யைத் திறந்து, ஆப்லாக்கருக்குள் 'கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்' அழுத்தினால் மூன்று விதிகள் உருவாகின்றன. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருப்பதை யாரும் ஓட்டலாம். 'விண்டோஸ்' ஃபோல்டரில் இருப்பதையும் ஓட்டலாம். அட்மின் எதையும் ஓட்டலாம். இந்த மூன்றும் போதும். ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ், பென் டிரைவ், டெஸ்க்டாப் என்று பிள்ளை தானாக எழுதக்கூடிய இடத்திலிருந்து எந்த மென்பொருளும் எழுந்திருக்காது. சொடுக்கினால், இந்த ஆப்பை உங்கள் நிர்வாகி தடுத்திருக்கிறார் என்ற ஒரு வரி மட்டும் வரும். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்டோர் ஆப்களுக்கான 'பேக்கேஜ்டு ஆப்' பகுதியிலும் டிஃபால்ட் விதிகளைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கால்குலேட்டர்கூடத் திறக்காது. அடுத்து, 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' என்ற சர்வீஸ் ஓடினால்தான் இந்த விதிகள் அமலுக்கு வரும். அதை சர்வீசஸ் திரையில் தானியங்கியாக மாற்ற முடியாது. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ஒரு வரிக் கட்டளை கொடுக்க வேண்டும்.

உடனே பூட்டிவிடாமல் முதலில் 'ஆடிட் ஒன்லி' நிலையில் சில நாள் விடுவது நல்லது. எதையும் தடுக்காது, எதையெல்லாம் தடுத்திருக்கும் என்று ஈவென்ட் வியூவரில் 8003 என்ற எண்ணோடு குறித்து வைக்கும். ஒன்டிரைவ் போலத் தேவையான ஏதாவது ஆப்டேட்டாவில் இருந்தால் அதில் தெரிந்துவிடும். அதற்கு மட்டும் தனி விதி போடலாம். பைத்தானை அட்மினே 'எல்லோருக்கும்' என்ற தேர்வோடு போட்டால் அது புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போய்விடும், படிப்பும் தடைபடாது. ஆனால் ஸ்டீம் என்ற கேம் கடைக்கு அனுமதி கொடுக்கும்போது யோசியுங்கள். அதை ஒருமுறை போட்டுவிட்டால் அதற்குள் இருக்கும் கேம்களுக்கு அட்மின் பெரிதாகத் தேவைப்பட மாட்டார். ஸ்டீமின் சொந்தக் குடும்பக் கட்டுப்பாடுகளையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.

ஆப்லாக்கரும் முழுக்கோட்டை இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே சாதாரணக் கணக்கு எழுதக்கூடிய சில துணை ஃபோல்டர்கள் உண்டு. பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்தால் விண்டோஸின் விதிகளுக்கு அங்கே வேலையில்லை. அதற்கு பயாஸ் பாஸ்வேர்டு வேண்டும். அவ்வளவு தூரம் போகும் பிள்ளையைத் தடுப்பதைவிட, உட்காரவைத்துப் பேசி நல்ல புரோகிராமிங் வேலை கொடுப்பது லாபம்.

எந்த வீட்டுக்கு எது?

புது லேப்டாப்பில் விண்டோஸ் 'எஸ் மோடு' இருந்தால், சின்னப் பிள்ளைக்கு அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்டோர் ஆப் தவிர வேறெதுவும் ஓடாது. ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்பப் போட முடியாது என்பதால், கடையிலேயே எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

ஹோம் பதிப்பு, தொடக்கப்பள்ளிப் பிள்ளை: ஸ்டாண்டர்டு கணக்கு, ஸ்டோர் மட்டும், ஃபேமிலி சேஃப்டி மூன்றும் சேர்ந்தால் போதும்.

நடுநிலைப்பள்ளியைத் தாண்டிய பிள்ளை, பென் டிரைவ் புழக்கம், கிராக் செய்த கேம் ஆசை: புரோவும் ஆப்லாக்கரும் செலவுக்குத் தகும்.

விண்டோஸ் 10லேயே இருப்பவர்கள் எந்தப் பூட்டும் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

மதிப்பெண்: ஸ்டாண்டர்டு கணக்கு 5க்கு 4, ஸ்டோர் மட்டும் 3, ஃபேமிலி சேஃப்டி 3, ஆப்லாக்கர் 4½. ஆப்லாக்கருக்கு அரை மதிப்பெண் குறைத்தது அதன் திரைகளுக்காக. வீட்டுக்காரர் கையில் கொடுக்கக்கூடிய எளிமையில் இதை ஹோம் பதிப்பிலேயே வைத்திருந்தால் மற்ற மூன்றையும் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.