மூன்று காவல் வைத்த பெட்டி

பவளத் தொட்டிக்காரர்கள் கூடினால் பேச்சு ஸ்கிம்மரில் தொடங்கி விளக்கில் முடியும். டுன்சே ஆஸ்மோலேட்டரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை விட்டுக்கொண்டு சம்ப் என்னும் துணைத்தொட்டியின் ஓரத்தில் கிடக்கும் பொருளுக்கு யார் மாலை போடுவார்கள்? ஆனால் ஒரு சிறு கம்பெனி தன் காசை எங்கே கொட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1960இல் நோர்பர்ட் டுன்சே தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. இருப்பது பவேரியாவின் பென்ஸ்பெர்க்கில். கருவியில் கவர்ச்சி எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சில சின்ன விளக்குகள், ஒரு காந்தப் பிடி. அந்தப் பிடியைத்தான் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கீழே அகச்சிவப்புக் கண், மேலே ஒரு குட்டி மிதவை.

கண்ணின் முனை காற்றில் இருந்தால் ஒளி உள்ளேயே திரும்பும். நனைந்திருந்தால் தண்ணீருக்குள் போய்விடும். அசையும் பாகமே இல்லாததால் சிக்கிக்கொள்ள எதுவும் இல்லை. அன்றாட வேலை முழுவதும் அதன் பொறுப்பு. கண் ஏமாந்து நீர்மட்டம் ஏறினால் பம்பை நிறுத்துவது மட்டும்தான் மிதவையின் வேலை. இரண்டும் கைவிட்டால் கடிகாரம் இருக்கிறது: பம்ப் விடாமல் 10 நிமிடம் ஓடினால் தானே நின்றுவிடும், பெட்டி கத்தத் தொடங்கும்.

மிதவை ஒன்றே போதும், விலையும் மலிவு என்போர் உண்டு. ஆர்.ஓ. பீப்பாய்க்கு அது சரி. சம்ப்பில் உப்புப் படிவு, பாசி, நத்தை எல்லாம் குடியிருக்கின்றன. மிதவை கீழேயே மாட்டிக்கொண்டால் உப்பளவு 35 பிபிடியில் இருந்த தொட்டி ஒரே இரவில் நீர்த்துப்போகும், தரையும் நனையும்.

நீரோட்ட பம்புகளில் ஈகோடெக் நிறுவனத்தின் வோர்டெக்கை மெச்சும் கட்சி வேறு. மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து, உள்ளே இருக்கும் விசிறியைக் காந்தத்தால் சுழற்றும் யோசனை அபாரம்தான். மோட்டாரின் சூடும் வயரும் நீருக்குள் போவதில்லை. ஆனால் மோட்டாரோடு அதன் இரைச்சலும் கூடத்துக்கு வந்துவிட்டது. பிறகு வந்த கியூ.டி. மோட்டார் அதை வெகுவாகக் குறைத்தது என்றாலும், பழையவற்றோடு குடித்தனம் நடத்தியவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்கும் இதே இழுபறி உற்பத்தியிலும் உண்டு. அச்சு செய்ய முதலிலேயே பெரும்பணம் போட வேண்டும். போட்டபின் வடிவத்தை மாற்றக் கை வராது. அக்ரிலிக்கை வெட்டி ஒட்டினால் நினைத்தபோது மாற்றலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆள்கூலி, ஒவ்வொரு ஒட்டும் நாளைய கசிவு. மலிவு பம்புகள் மிச்சம் பிடிப்பது காந்தத்தின் உறையில். மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் உப்புநீர் புகுந்து நியோடிமியம் துருப்பிடிக்கும். காந்தம் உப்பிச் சுழலி இறுகிவிடும்.

ஆஸ்மோலேட்டரைப் போல நீர் நிரப்ப இப்போது வரும் டாப்-அப் கருவிகள் பலவற்றில் செயலி இருக்கிறது, உதிரிபாகம் இல்லை. சென்சார் செத்தால் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதுதான். டுன்சேயிடம் கண், மிதவை, பம்ப் மூன்றையும் தனித்தனியாக வாங்கலாம்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. வாளியை உயரத்தில் வைத்து, குழாய் முனையையும் சம்ப் நீருக்குள் விட்டுவிட்டால், பம்ப் நின்ற பிறகும் வாளித் தண்ணீர் சைஃபனில் இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று காவலில் ஒன்றாலும் அதைத் தடுக்க முடியாது.