நேர் உச்சியில் ஒரு குவேசார்

ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய வெளிச்சம், பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் என் எட்டு அங்குலத் தொலைநோக்கி வழியாக நேரே கண்ணுக்குள் வந்து விழுகிறது. சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பேறு உண்டா!

அதை அனுப்பிய குவேசாரின் பெயர் 3சி 273. 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் தொலைவைக் கண்டு உலகையே திகைக்க வைத்தார். பார்வைக்கு அது ஒரு மங்கலான புள்ளி. பொலிவெண் 13க்குப் பக்கம். உண்மையில் அது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடு. சூரியனைப்போலப் பல கோடி மடங்கு எடையுள்ள கருந்துளையைச் சுற்றி வளிமம் சுழன்று விழுந்து, மண்டலம் முழுவதையும் மங்கடிக்கும்படி எரிகிறது.

தூரத்தைக்கூட விடுங்கள். அந்த ஒளி கூடுகிறது, குறைகிறது! என்னைப் பித்தாக்கியது அதுதான். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, 'இதைவிட மங்கல், அதைவிடப் பளிச்' என்று விடாமல் குறித்துவந்தால் மாற்றம் பிடிபடும். ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லைட்டும் 1963இல் ஹார்வர்டின் பழைய கண்ணாடிப் படத்தகடுகளைத் தேடி எடுத்தார்கள். 1880கள் முதல் வேறு வேலைக்காக எடுத்துவைத்தவை அவை. அவற்றில் இந்தப் புள்ளி யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த ஏற்ற இறக்கமே அளவுகோலும் ஆகிறது, பாருங்கள். ஒரு பொருளின் ஒளி மொத்தமாக ஒரு மாதத்தில் மாறினால், அது ஒளி ஒரு மாதத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருப்பது கடினம். ஒரு மண்டலத்தையே மிஞ்சும் வெளிச்சம் அத்தனை சிறிய இடத்திலிருந்து வருகிறது!

பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சி. எஸ். ஸ்டாலின் குழு இதே வித்தையை இன்னும் நுட்பமாகச் செய்தது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கி லடாக்கின் ஹான்லேயில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியால், எச்0507+164 என்ற மண்டலத்தை 2016 அக்டோபர் முதல் 2017 ஏப்ரல் வரை கவனித்தார்கள். நடுவில் ஒளி மாறினால், சுற்றியுள்ள தூசி வளையம் அகச்சிவப்பில் எதிரொலிக்க ஏறத்தாழ 35 நாள் பிடித்தது. அப்படியானால் வளையத்தின் உள்விளிம்பு 35 ஒளிநாள் தள்ளி இருக்கிறது. தொலைநோக்கிக்கு வெறும் புள்ளியாகத் தெரிவதற்குள் இருக்கும் தூரத்தை, காத்திருந்தே அளந்துவிட்டார்கள்! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் நடுவில், நிலா இல்லாத இரவில் இங்கே வாருங்கள். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நள்ளிரவு வாக்கில் 3சி 273 கிட்டத்தட்ட நேர் உச்சிக்கே வந்துவிடும். ஐரோப்பியர்களுக்கு வாய்க்காத பாக்கியம் இது. கன்னியின் ஈட்டா விண்மீனைப் பிடித்து, வடகிழக்கே மூன்றரை பாகை நகருங்கள். டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி உச்சியில் திரும்ப முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே பார்த்துவிடுவது நல்லது. பொலிவெண்ணைக் குறித்து அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அனுப்புங்கள். கொசுவத்தியும் எடுத்து வாருங்கள், சதுப்புக் கரை இது.