மறுக்கப்பட்ட 'சி' தரம்

நைஜல் கோலின் 'மேட் இன் டகன்ஹாம்' (2010) படத்தை நாம் இரசித்தே பார்த்தோம். ஆனால் அங்கு வேலை செய்தவர்களின் நினைவு வேறு, படம் சொல்லும் கதை வேறு.

1968 ஜூனில் டகன்ஹாம் ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் சீற்றுகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரம். உறை இல்லாமல் கார் உற்பத்தியே நின்றது. தையற்சோதனையில் சித்தியடைந்து சேர்ந்தவர்களை நிர்வாகம் தேர்ச்சி குறைந்த 'பி' தரத்தில் போட்டிருந்தது. அதிலும் ஆண்களின் சம்பளத்தில் 85 வீதம்தான். அவர்கள் முதலில் கேட்டது 'சி' தரம். அமைச்சர் பார்பரா காசிலைச் சந்தித்துப் பெற்று வந்ததோ 92 வீதச் சம்பளம். தரம் மாறவில்லை.

நாயகி ரீற்றா கற்பனைப் பாத்திரம். அதில் எமக்குக் குறையில்லை. ஆனால் கதை சமசம்பளம், 1970ஆம் ஆண்டுச் சட்டம் என்று வெற்றியாக முடிகிறது. முதுமையில் பேட்டி கொடுத்த அப்பெண்கள் சிலரோ, கேட்டது கிடைக்கவில்லை என்றே சொன்னார்கள். சம்பளக் குறைவைவிடக் கைத்தொழிலைத் தொழிலென்று ஏற்க மறுத்ததே அவர்களை நோகடித்தது. ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாக்காசாகிப்போன எம்மவருக்கு இது விளங்காததல்ல.

'சி' தரம் கிடைத்தது 1984இல், இன்னொரு வேலைநிறுத்தத்தின் பின். அந்தப் பதினாறு வருடம் கதைக்குள் வரவேயில்லை.