குருத்தணு ஆய்வறத்தில் சொல்லாட்சி

பொருளை உள்ளவாறு அறிந்து அதற்கேற்பப் பெயரிடுதல் ஒரு முறை; பெயரை முன்னர் இட்டு, அதன் வாயிலாகப் பொருளைத் தாம் விரும்பியவாறு காட்டுதல் மற்றொரு முறை. முன்னது ஆராய்வார் வழி. பின்னது வழக்காடுவார் வழி. குருத்தணு ஆய்வின் அறம் பற்றி எழுந்த எழுத்துகளை நோக்குமிடத்து, இவ்விரண்டும் ஒன்றோடொன்று விரவிக் கிடத்தலைக் காண்கிறோம். அவற்றைப் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். உயிரியல் முடிபுகளை ஆராய்தல் நம் பணியன்று. சொல்லை ஆராய்தல் நம் பணியாகும்.

முதற்கண் பொருளைச் சுருங்கக் கூறுவோம். தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதோடு வேறு வகை உயிரணுக்களாகவும் மாறி வளரும் ஆற்றலுடையது குருத்தணு. இளங்குருத்து பின்னர் ஓலையாகவும் இலையாகவும் விரிதலை உட்கொண்டு அமைந்த இப்பெயர் பொருத்தமானதே. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தாம்சனும் அவர்தம் குழுவினரும் மாந்தக் கருவினின்று இவ்வணுக்களைப் பிரித்து வளர்த்தனர். ஐந்து நாள் அளவினதாகிய அத்தகைய கரு, ஏறத்தாழ 100 முதல் 200 உயிரணுக்களைக் கொண்டது. அணுக்களைப் பிரித்தெடுக்குங்கால் அக்கரு அழிகின்றது. பிணி தீர்க்கும் நோக்கம் அவ்வழிவை ஏற்புடையதாக்குமா என்பதே அறவினா.

இவ்வினாவுக்கு அடிப்படையிட்ட நூலாக, பிரித்தானியாவில் மெய்யியலறிஞர் மேரி வார்னாக் தலைமையில் 1982இல் அமைந்த குழு 1984இல் அளித்த அறிக்கையைக் கொள்ளலாம். கரு எப்பொழுது முழு மாந்தனாகின்றது என்னும் வினாவுக்குள் அக்குழு நுழையவில்லை. கருவை எங்ஙனம் நடத்துதல் தகும் என்றே வினவியது. ஆய்வகத்திலுள்ள கருவை 14 நாளுக்கு மேல் வளர்த்தலாகாது என வரையறுத்தது. பதினைந்தாம் நாள் அளவில் கருவில் முதற்கோடு தோன்றுதலும், அதன்பின் அது இரட்டையாகப் பிரிதல் அரிதாதலும் அவ்வரையறைக்குக் காரணமாயின. குழுவினருள் மூவர் கருவாய்வையே ஏலாது மறுத்தனர். அம்மறுப்பும் அறிக்கையிலேயே இடம் பெற்றது.

இவ்வறிக்கையின் சிறப்பு யாது? எல்லையை எல்லையென்றே கூறியமை என்போம். பதினான்காம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையே இயற்கை மதிலெழுப்பி வைத்ததாக அது கூறவில்லை. ஓர் எல்லை வேண்டும். அதனை இங்கு இடுகின்றோம். காரணம் இவை என்றது. உடன்படாதார் எதனை மறுத்தல் வேண்டும் என்பது அதனால் அவர்க்குத் தெளிவாயிற்று.

அறிக்கையை அடுத்து வந்த ஆண்டுகளில் 'முன்கரு' என்னும் பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் வழக்கிற்கு வந்தது. பதினான்கு நாள் வரை உள்ளது கருவன்று, கருவுக்கு முற்பட்ட நிலை என்பது அச்சொல்லின் உட்கிடை. பெயரை இடுகுறி என்றும் காரணப்பெயர் என்றும் நம் இலக்கணம் பகுக்கும். முன்கரு என்பது காரணப்பெயர் போன்று தோன்றி, தான் நிறுவ வேண்டியதை நிறுவியதாகவே கொண்டு நிற்கும் பெயர். தொடக்கநிலை அணுக்களிற் பெரும்பாலன நஞ்சுக்கொடி முதலியனவாதலின் வேறு பெயர் வேண்டும் என அதனை ஆள்வோர் கூறுவர். அச்செய்தி உண்மையே, அதனை வாதமாக முன்வைப்பின் மறுப்பார் மறுக்கலாம். 'முன்' என்னும் அடைக்குள் வைப்பின் வாதம் மறைந்து தீர்ப்பு மட்டுமே எஞ்சுகின்றது. 1990ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் அச்சொல்லைக் கொள்ளாது, 'கரு' என்றே கூறி 14 நாள் எல்லையை ஏற்றது. அதுவே நேரிய நெறியாகும்.

எதிர்த்தரப்பினர் இக்குற்றத்தினின்று நீங்கியவரல்லர். ஐந்து நாட் கருவைக் 'குழந்தை' என்பாரும் வாதத்தைப் பெயருக்குள் ஒளிப்பவரே. இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுத்த தொல்காப்பிய மரபியல், மக்கட்கு உரியன குழவி, மகவு என்னும் இரண்டே என வரையறுத்தது. எவ்விளமைக்கு எப்பெயர் உரியது என்பதை மரபு காத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. அம்மரபு கருவாய்வை அறியாதது. ஆயினும் பெயரை வரம்பின்றி ஏற்றலாகாது என்னும் நெறி இன்றும் பொருந்துவதே.

இனித் தமிழாக்கத்துக்கு வருவோம். ஆய்வகக் கருவைச் சிலர் 'கரு' என்பர். சிலர் 'முளையம்' என்பர். கரு என்னும்போது வயிறும் தாயும் உடன் நினைவுக்கு வருகின்றன. முளையம் என்னும்போது வித்தும் நிலமும் தோன்றி, மாந்தத் தொடர்பு நெகிழ்கின்றது. கலைச்சொல்லாக இரண்டும் ஏற்புடையனவே. ஆயின் ஆய்வை ஆதரிக்குமிடத்து முளையம் என்றும், எதிர்க்குமிடத்துக் கரு என்றும் ஒரே ஆசிரியர் மாற்றி ஆளுதல் நேர்மையன்று.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 'அவள் கருவுற்றாள்' என்பது நம் பழைய வழக்கு. ஆங்கு எழுவாய் பெண். 'முட்டை கருவுற்றது' என்பது ஆய்வக வழக்கு. ஈண்டு எழுவாய் முட்டை. இம்மாற்றம் துறைக்கு இன்றியமையாதது. எனினும் தொடரினின்று நீங்கிய பெண், அறத்தினின்றும் நீங்கிவிடுதல் கூடாது. தென்கொரிய ஆய்வாளர் ஹுவாங் வூ சுக் வரலாறு இதற்குச் சான்று. 2004, 2005ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட இரு கட்டுரைகளும் பொய்யெனத் தெளியப்பட்டு 2006இல் திரும்பப் பெறப்பட்டன. 2,000க்கும் மேற்பட்ட மாந்த முட்டைகள் அவ்வாய்வில் பயன்படுத்தப்பட்டன. அளித்தாருள் சிலர் பணம் பெற்றமையும், அவர்தம் ஆய்வகத்து இளம் பெண் ஆய்வாளர் முட்டை அளித்தமையும் வெளியாயின. 'கொடை' என்னும் சொல் இவை அனைத்தையும் போர்த்தி நின்றது. கொடுப்பவர் மறுக்கும் நிலையில் இருந்தாலன்றி அது கொடையாகாது. தலைவர்க்குக் கீழ்ப் பணிபுரிவார் கொடுத்ததைக் கொடை என்பதற்கு முன், அவர் மறுத்திருக்க இயலுமா என வினவுதல் வேண்டும்.

மூன்றாவது சொல் 'சிகிச்சை'. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட நெறிமுறைகளின் தலைப்பில் ஆராய்ச்சி, சிகிச்சை என்னும் இரு சொற்களும் இருந்தன. 2013இல் திருத்தம் செய்தபோது சிகிச்சை என்னும் சொல் நீக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பும் அவ்வாறே அமைந்தது. குருதி தொடர்பான சில நோய்கட்கு ஏற்கப்பட்ட மாற்று முறை தவிர, பிற பயன்பாடுகள் ஆய்வுநிலையிலேயே உள்ளன என்பதை உணர்த்தவே அந்நீக்கம். ஒரு சொல்லை நீக்குதலும் அறச்செயலாதல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆய்வுக்கு உட்படும் நோயாளி கையொப்பமிடும் தமிழ்த்தாளில் அதனைச் 'சிகிச்சை' என மொழிபெயர்ப்பவர், நெறிமுறை நீக்கிய சொல்லை மீண்டும் புகுத்துகின்றார். நோயாளி எதற்கு உடன்பட்டார் என்பதே அதனால் மாறிவிடுகின்றது.

யப்பானிய அறிஞர் சின்யா யமனாகா 2006இல் சுண்டெலியின் முதிர்ந்த உயிரணுவையும், மறு ஆண்டில் மாந்த உயிரணுவையும் குருத்தணுநிலைக்கு மீட்டுக் காட்டினார். 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார். கருவை அழித்தல் வேண்டாவாயின் சொல்லாராய்ச்சியும் வேண்டாவே எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. இன்று குருத்தணுக்களைக் கொண்டே கருவைப் போன்ற அமைப்புகளை ஆக்குகின்றனர். அவற்றைச் 'செயற்கைக் கரு' என்பதா, 'கருப்போலி' என்பதா என்னும் வழக்கு எழுந்துள்ளது. பன்னாட்டுக் குருத்தணு ஆய்வுக் கழகம் முன்னதை ஏற்கவில்லை. பொருள் மாறினும் பெயர்ச்சிக்கல் மாறவில்லை என்பது இதனாற் புலனாகும்.

ஆகவே, இத்துறையில் ஒரு சொல்லை ஏற்குமுன் ஒன்று வினவுதல் வேண்டும்: இச்சொல் உள்ள பொருளைக் கூறுகின்றதா, அன்றி இனி ஆராய வேண்டிய தீர்ப்பைக் கூறுகின்றதா? முன்னதாயின் கொள்க, பின்னதாயின் தள்ளுக. கருவாய்வு தகும் என்பாரும் தகாது என்பாரும் வழக்காடட்டும். அவ்வழக்கைச் சொல்லே முன்கூட்டி முடித்துவிடாதவாறு காத்தல் தமிழறிஞர் கடனாகும். கலைச்சொல் ஆக்குவோர் அருஞ்சொற்பட்டியல் மட்டும் ஆக்குவாரல்லர். பிறர் உடன்படுதற்கும் மறுத்தற்கும் உரிய வாயிலையும் அமைக்கின்றனர்.